சணல் ஆலையின் பெயர்ப் பட்டியலில் யார் யார்? கால் நூற்றாண்டுக்குப் பின்னும் தொடரும் இந்திரஜித் குப்தாவின் கேள்வி

கொல்கத்தா: இந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் உள்துறை அமைச்சர் என்ற அளவிலேயே இந்திரஜித் குப்தாவைப் பெரும்பாலானோர் நினைவுகூர்கின்றனர். ஆனால், ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் வரிசையாக நிற்கும் சணல் ஆலைகளின் தொழிலாளர்களுக்கு அவர் முதலில் ஒரு தொழிற்சங்கத் தலைவர். அதன் பிறகே நாடாளுமன்ற உறுப்பினர், கட்சித் தலைவர், அமைச்சர் எல்லாம்.

அவர் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி கொல்கத்தாவில் காலமானார். அதன் பின் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இதற்கிடையே, 2020-இல் நிறைவேற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துள்ளது. வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவைப் பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேச்சு நடத்தும் ஒரே சங்கமாக ஏற்கப்படும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது.

51 சதவீதம் என்பது எளிய கணக்கு. ஆனால், எத்தனை பேரில் 51 சதவீதம் என்பது அவ்வளவு எளிதன்று. நிரந்தரத் தொழிலாளி மட்டும் கணக்கில் வருவாரா? அவர் வராத நாளில் அவரது இயந்திரத்தில் நிற்கும் பதிலித் தொழிலாளி வருவாரா? ஒப்பந்ததாரர் அழைத்து வரும் சுமைத் தொழிலாளி, அலுவலக எழுத்தர், மேற்பார்வையாளர் ஆகியோரின் நிலை என்ன? குப்தாவின் பொதுவாழ்வு தொடங்கிய சணல் ஆலைகளில் இந்தக் கேள்விகள் ஒரு நூற்றாண்டாக எழுந்துகொண்டே இருக்கின்றன.

அதிகாரிகளின் குடும்பத்திலிருந்து ஆலை வாயிலுக்கு

இந்திரஜித் குப்தா 1919-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொல்கத்தாவில் வசதி படைத்த பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாட்டனார் பிஹாரி லால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி, ரொமேஷ் சந்திர தத் ஆகியோருடன் 1868-இல் இங்கிலாந்து சென்று இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வென்றவர். மாகாணத் தலைநகரங்களுக்கு வெளியே ஐரோப்பியர்களை விசாரிக்கும் அதிகாரம் இந்திய நீதிபதிகளுக்கு மறுக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி அவர் 1882-இல் எழுதிய குறிப்பே, மறு ஆண்டில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய இல்பர்ட் மசோதாவுக்கு வித்திட்டது.

தந்தை சதீஷ் சந்திர குப்தா அரசின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தார். மூத்த சகோதரர் ரணஜித் குப்தாவும் ஆட்சிப் பணியில் சேர்ந்து, பின்னாளில் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளரானார்.

சிம்லாவில் பள்ளிப் படிப்பையும் டெல்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் பட்டப் படிப்பையும் முடித்த இந்திரஜித், கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். ஜோதி பாசு, பூபேஷ் குப்தா, தமிழகத்தைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம் போன்ற இந்திய மாணவர்கள் இடதுசாரிச் சிந்தனையின்பால் ஈர்க்கப்பட்டிருந்த காலம் அது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் தலைவர் ரஜனி பாமி தத்தின் தாக்கத்தால் இந்திரஜித்தும் அவ்வழியில் சென்றார். நாடு திரும்பியபோது ஆட்சிப் பணியை நாடாமல், கொல்கத்தாவின் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார்.

ஆலையில் ஒரு நாளும் கூலி வேலை செய்யாத ஒருவர் தொழிலாளர் சங்கத்தின் நிர்வாகியாகச் சட்டம் இடமளித்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் குறைந்தது பாதிப் பேர் அந்தத் தொழிலில் பணிபுரிபவர்களாக இருந்தால் போதும். எஞ்சியவர்கள் வெளியாட்களாக இருக்கலாம். 7 பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால், அவ்வாறு பதிவான சங்கத்துடன் நிர்வாகம் பேச்சு நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அச்சட்டத்தில் இல்லை. சங்கம் அமைப்பது எளிது, அதை நிர்வாகம் ஏற்கச் செய்வது கடினம் என்ற நிலையே பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஒரே கூரை, பல அடுக்குகள்

வங்கத்தின் முதல் சணல் ஆலை 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கப்பட்டது. அடுத்த நூறு ஆண்டுகளில் பட்ஜ்பட்ஜ், ஹவுரா, டிட்டாகர், ஜகத்தல், பாட்பாரா, நைஹாட்டி என ஆற்றின் இரு மருங்கிலும் ஆலைகள் பெருகின. உச்ச காலத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அவற்றில் வேலை செய்தனர். பிகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஆந்திரக் கடலோரம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பான்மையினர். ஒரே ஆலையில் இந்தி, உருது, ஒடியா, தெலுங்கு, வங்காளம் ஆகிய மொழிகள் ஒலித்தன.

வேலையும் பல அடுக்குகளாகப் பிரிந்திருந்தது. நெசவாளர்கள் துண்டு வேலைக் கூலி பெற்றனர்; ஆலையில் அதிகம் ஈட்டியவர்கள் அவர்களே. நூற்பாளர்களுக்கும் சணலைப் பதப்படுத்தும் பிரிவினருக்கும் குறைவான கூலியே கிடைத்தது. பெண்கள் பெரும்பாலும் ஆயத்தப் பிரிவிலும் சாக்குத் தைக்கும் பிரிவிலும் இருந்தனர். இவர்களுக்கு மேலே சர்தார்கள். ஆள் சேர்ப்பது, மேற்பார்வையிடுவது, வேலை தந்ததற்குக் கையூட்டு பெறுவது ஆகிய மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. அலுவலகத்தில் வங்காளி எழுத்தர்கள், உச்சியில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து வந்த மேலாளர்கள்.

சர்தார் தொழிலாளியா, நிர்வாகத்தின் ஆளா? அவரைச் சங்கத்தில் சேர்த்தால் அவருக்குக் கட்டுப்பட்ட தொழிலாளர்கள் மொத்தமாக வந்துவிடுவர். ஆனால், கூலியில் ஒரு பங்கைப் பறிப்பவரே சங்கத்திலும் இடம் பெறுவார். அவரை ஒதுக்கினால் வேலைநிறுத்தத்தின்போது அவரே ஆலைக்குப் புதிய ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 60 மணியாக உயர்த்தியதை எதிர்த்து, பிரபாவதி தாஸ்குப்தா உள்ளிட்டோர் முன்னின்று நடத்திய 1929-ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தக் காலத்திலேயே இந்தச் சிக்கல் வெளிப்பட்டுவிட்டது.

1937-இல் மீண்டும் ஒரு பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பின், மாகாணத் தொழிலாளர் அமைச்சர் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தியின் ஆதரவுடன் இடதுசாரிகளுக்குப் போட்டியான சங்கங்கள் வளர்ந்தன. தொழில் பிரிவு, மொழி ஆகியவற்றுடன் மதமும் தொழிலாளர்களைப் பிரிக்கும் கோடாயிற்று. இது வங்கத்துக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. சென்னையில் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தம், சாதியின் பெயரால் தொழிலாளர் பிளவுபட்டதால் புளியந்தோப்புக் கலவரத்தில் முடிந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவர்.

இந்தப் பின்னணியில்தான் குப்தா சணல் ஆலைப் பகுதிகளில் பணியாற்றத் தொடங்கினார். 1948 மார்ச் மாதம் மேற்கு வங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது தலைமறைவு வாழ்க்கையை மேற்கொண்டார். தடை நீங்கிய பின், ஏஐடியுசி சார்ந்த வங்காளச் சட்கல் மஸ்தூர் யூனியனின் முக்கியத் தலைவராக உயர்ந்தார். சட்கல் என்பது சணல் ஆலையைக் குறிக்கும் வங்காளச் சொல். நெசவாளர் சங்கம், நூற்பாளர் சங்கம் என்றோ, தனித்தனி ஆலைகளின் சங்கம் என்றோ அமையாமல், வங்கத்தின் சணல் ஆலைத் தொழிலாளர் அனைவருக்குமான சங்கம் என்பதை அந்தப் பெயரே உணர்த்தியது.

சணல் தொழிலில் மூலதனமும் உழைப்பும் கொண்டிருந்த உறவை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1950-களின் முற்பகுதியில் வெளியானது. நிர்வாக முகமை நிறுவனங்களின் பிடி, ஆலைகளின் லாபம், தொழிலாளரின் கூலி ஆகியவற்றை அந்நூல் ஒருங்கே அலசியது.

பதிலித் தொழிலாளியின் நிலை

குப்தாவின் தலைமுறைச் சங்கத் தலைவர்கள் சந்தித்த மிகக் கடினமான சிக்கல் பதிலித் தொழிலாளர்களைப் பற்றியது. நிரந்தரத் தொழிலாளி விடுப்பில் சென்றால் அவரிடத்தில் வேலை செய்பவரே பதிலி. ஆலை வாயிலில் அதிகாலையில் காத்திருப்பார். அழைத்தால் கூலி உண்டு, அழைக்காவிட்டால் இல்லை. கோவை, மதுரைப் பஞ்சாலைகளிலும் இத்தகைய தொழிலாளர்கள் நன்கு அறியப்பட்டவர்களே.

தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, பதிலித் தொழிலாளிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. வருகைப் பதிவேட்டில் பெயருள்ள வேறொருவருக்குப் பதிலாக வேலை செய்பவர் பதிலி என்றும், தொடர்ந்து ஓராண்டுப் பணியை முடித்துவிட்டால் அவரை அவ்வாறு கருதக்கூடாது என்றும் அது கூறியது. ஓராண்டில் 240 நாள் வேலை என்பதே அதற்கான அளவுகோல். அந்த எண்ணிக்கையை எட்டவிடாமல் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தால், ஒருவர் பல ஆண்டுகள் ஆலையில் உழைத்தும் பதிலியாகவே நீடிக்க முடியும். ஆலைமூடல் நாட்களுக்கான இழப்பீடும் பதிலிகளுக்கு இல்லை.

சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் அவருடைய பெயர் இருக்கலாம். வேலைநிறுத்தத்தில் அவர் முன்வரிசையில் நிற்கலாம். ஆனால், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அதன் பலன்கள் நிரந்தரத் தொழிலாளருக்கே முதலில் சென்றன. எனவே, பதிலிகளை நிரந்தரமாக்குவது சணல் ஆலைச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் தொடர்ந்து இடம்பெற்றது. பிற்கால முத்தரப்பு உடன்பாடுகளில் சிறப்புப் பதிலி என்ற இடைநிலைப் பிரிவு ஏற்கப்பட்டது. அவர்களுக்கு ஓரளவு வேலை உறுதி கிடைத்தது. ஆனால், அவர்களுக்குக் கீழே வேறு பெயர்களில் புதிய தற்காலிகப் பிரிவுகளும் முளைத்தன.

பெண் தொழிலாளர்களின் வரலாறு இதைவிடக் கசப்பானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் சணல் ஆலைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண். பேறுகாலப் பலன், இரவு வேலைத் தடை ஆகிய சட்டப் பாதுகாப்புகள் வந்தபோது, அவற்றைக் காரணம் காட்டி ஆலைகள் பெண்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. இயந்திரங்களை நவீனமாக்கியதும் அவர்கள் செய்துவந்த வேலைகளையே முதலில் பறித்தது. 1970-களில் அவர்களின் பங்கு மிகச் சில சதவீதமாகச் சுருங்கியது. குடும்பத்தைக் காப்பவர் ஆண் என்ற எண்ணம் சங்கங்களிலும் வேரூன்றியிருந்ததால், இந்த வெளியேற்றத்துக்கு எதிராக வலுவான போராட்டம் எழவில்லை என்று தொழிலாளர் வரலாற்றாய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். குப்தா சார்ந்த இயக்கமும் இந்த விமர்சனத்துக்கு விலக்கன்று.

சட்டம் வரைந்த எல்லை

மேற்பகுதியில் எல்லைக் கோடு எங்கே விழுகிறது என்பதை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தீர்மானித்தது. உடலுழைப்புத் தொழிலாளரையும் எழுத்தரையும் தொழில் பழகுநரையும் அது தொழிலாளர் என்று ஏற்றது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தம், மாத ஊதியம் 500 ரூபாய் வரை பெறும் மேற்பார்வையாளர்களையும் உள்ளே கொண்டுவந்தது. இந்த வரம்பு பின்னர் 1,600 ரூபாயாகவும், 2010-இல் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. புதிய சட்டத் தொகுப்பில் அது 18,000 ரூபாய். அதே வேளையில், தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவோர் புதிய வரையறையிலிருந்து நீக்கப்பட்டுள்ளனர்.

எல்லைக்கு வெளியே உள்ள ஒருவருக்காகத் தொழிலாளர்கள் போராடலாமா என்ற கேள்விக்கு, அசாமின் டிமாகுச்சி தேயிலைத் தோட்ட வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. தோட்டத்து மருத்துவர் ஒருவர் நீக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர் தொடுத்த வழக்கு அது. அந்த வேலை விவகாரத்தில் தொழிலாளர்களுக்கு நேரடியான அல்லது கணிசமான அக்கறை இருந்தால் மட்டுமே தகராறு எழுப்ப முடியும் என்று நீதிமன்றம் கூறி, மருத்துவரின் வழக்கை ஏற்க மறுத்தது. பொதுவான நலன் உள்ளவர்களே ஓர் அணியாகப் பேரம் பேசலாம் என்ற கொள்கை இதில் அடங்கியுள்ளது.

அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம், எந்தெந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு பேர அலகு ஆவர் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அரசு வாரியம் ஒன்றிடம் ஒப்படைத்தது. அங்கு வாக்கெடுப்புக்கு முன்பே வாக்காளர் யார் என்பது வரையறுக்கப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய தேசிய அமைப்பு உருவாகவில்லை. 1958-இல் ஏற்கப்பட்ட ஒழுங்குமுறைக் கோட்பாடு, ஓர் ஆலையில் 15 சதவீதத் தொழிலாளரையோ, ஒரு வட்டாரத் தொழிலில் 25 சதவீதத் தொழிலாளரையோ உறுப்பினராகக் கொண்ட சங்கம் அங்கீகாரம் கோரலாம் என்று கூறியது. ஆனால், அது சட்டமன்று. மீறினால் தண்டனையும் இல்லை.

கஜேந்திரகட்கர் தலைமையிலான முதல் தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969-இல் அறிக்கை அளித்தபோது கருத்து வேறுபாடு வெளிப்படையானது. உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்த்தால் போதும் என்றது காங்கிரஸ் சார்பு ஐஎன்டியுசி. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்றது குப்தாவின் ஏஐடியுசி. சந்தா செலுத்தத் தயங்கும் பதிலித் தொழிலாளியும் வாக்களிக்க முன்வரலாம் என்பதால், இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிது.

போட்டிச் சங்கங்கள், கூட்டுப் போராட்டம்

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபோது குப்தா இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே தொடர்ந்தார். 1970-இல் சிஐடியு தோன்றிய பின் சணல் ஆலைகளிலும் செங்கொடிச் சங்கம் இரண்டாகியது. ஒவ்வோர் ஆலையிலும் பல சங்கங்கள், ஒவ்வொன்றும் தானே உண்மையான பிரதிநிதி என்ற உரிமைக் குரல் எனக் குழப்பம் வளர்ந்தது.

இதற்குச் சணல் ஆலைச் சங்கங்கள் கண்ட வழி, பெரும்பான்மை யாருக்கு என்ற வாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரே கோரிக்கைப் பட்டியலுடன் ஆலை முதலாளிகள் சங்கத்தின் எதிரே அமர்வதாகும். 1979-இல் சுமார் 50 நாட்களும், 1984-இல் 84 நாட்களும் நடந்த பொது வேலைநிறுத்தங்கள் அத்தகைய கூட்டுப் போராட்டங்கள். தனி ஆலை அளவில் அல்லாமல் தொழில் முழுமைக்குமான முத்தரப்பு உடன்பாடு என்ற மரபு இதனால் உறுதிப்பட்டது. 1980 முதல் 1990 வரை ஏஐடியுசியின் பொதுச் செயலாளராக இருந்த குப்தா, இக்காலத்தில் அகில இந்தியத் தொழிலாளர் தலைவராக மதிக்கப்பட்டார்.

மேற்கு வங்க இடது முன்னணி அரசு 1983-இல் தொழிற்சங்கச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, ரகசிய வாக்கெடுப்பின் மூலம் பேர முகவரைத் தேர்ந்தெடுக்க வகை செய்தது. ஆனால், அதற்கான விதிகள் 1998-இல்தான் வந்தன.

நாடாளுமன்றமும் உள்துறையும்

1960-இல் கொல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குள் நுழைந்த குப்தா, மொத்தம் 11 முறை உறுப்பினரானார். 1977 தேர்தலில் மட்டும் தோல்வியுற்றார். 1992-இல் சிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1990 முதல் 1996 வரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராகவும் பொறுப்பு வகித்தார்.

தேவ கவுடா, குஜ்ரால் ஆகியோரின் அமைச்சரவைகளில் 1996 ஜூன் முதல் 1998 மார்ச் வரை உள்துறை அமைச்சராக இருந்தார். ஒரு காலத்தில் காவல் துறையின் கண்களுக்குத் தப்பித் தலைமறைவாக வாழ்ந்தவர், நாட்டின் காவல் நிர்வாகத்துக்கே பொறுப்பேற்றார். அமைச்சரான பின்னும் டெல்லி வெஸ்டர்ன் கோர்ட்டில் இருந்த தமது எளிய குடியிருப்பை விட்டு அவர் அமைச்சர் மாளிகைக்குப் போகவில்லை. மரணமடைந்தபோது, மிதுனபுரி தொகுதியின் உறுப்பினராகவும் அவையின் மிக மூத்த உறுப்பினராகவும் இருந்தார்.

மறைவுக்குப் பின் தொடரும் கணக்கு

அவர் மறைந்த சில மாதங்களில், 2001 ஆகஸ்ட் மாதம், கொல்கத்தா எஃகுக் கிடங்குகளின் ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஒப்பந்த முறையை அரசு தடை செய்தாலும், அத்தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார்கள் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் உள்ளவரின் பெயர் ஆலையின் பதிவேட்டுக்கு வருவது அதன் பின் மேலும் கடினமாயிற்று.

புதிய சட்டத் தொகுப்பின்படி, எந்தச் சங்கமும் 51 சதவீதத்தை எட்டாவிட்டால், 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்ட பேச்சுக் குழு அமைக்கப்படும். சங்கங்கள் கூட்டாக அமர்ந்து பேசும் சணல் தொழிலின் மரபுக்கு இதில் ஓரளவு இடம் இருக்கிறது. ஆனால், எந்த விகிதமும் பதிவேட்டில் உள்ள பெயர்களைக் கொண்டே கணக்கிடப்படும். அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பது நிர்வாகம்.

ஆலையில் வேலை செய்வோரில் பாதிப் பேரின் பெயர் அப்பதிவேட்டில் இல்லையென்றால், எஞ்சிய பாதியின் பெரும்பான்மை என்பது மொத்தத் தொழிலாளரில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியதாகவே இருக்கும். அச்சங்கம் செய்துகொள்ளும் உடன்பாடு, கணக்கில் வராத மற்றவர்களின் கூலியையும் வேலையையும் பாதிக்கும். அவர்களுக்கோ அதில் வாக்கு இருக்காது.

இந்திரஜித் குப்தாவின் சங்கம் இச்சிக்கலை முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. பெண்களின் வெளியேற்றத்தை அது தடுக்கவில்லை. பதிலி முறையும் ஒழியவில்லை. ஆனால், ஒரு தொழிலில் உழைப்பவர் அனைவரையும் ஒரே சங்கத்தின் கீழ்த் திரட்ட முயல்வது என்ற அடிப்படையிலிருந்து அது விலகவுமில்லை. புதிய சட்டத்தின் கீழ் முதல் எண்ணிக்கைகள் நடைபெறும்போது, ஹூக்ளிக் கரை ஆலைகளின் வாயிலில் அதிகாலையில் அழைப்புக்காகக் காத்திருப்பவர்களும் அதில் எண்ணப்படுவார்களா என்பதே அங்குள்ள சங்கங்களின் முன் நிற்கும் கேள்வி.